முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பன்னிரண்டு வாரம் போதுமா?

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயது 43. ஊர் கோட்டையூர், பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வரும் பிப்ரவரி 11 அன்று சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நடக்கும் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முதலில் கடலில் 750 மீட்டர் நீச்சல், பிறகு 20 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் 5 கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் ஷூ மாட்டுவது, ஹெல்மெட் போடுவது எல்லாம் சேர்த்துத்தான் கடிகாரம் ஓடும்.

பன்னிரண்டு வாரப் பயிற்சி போதும் என்பது என் கணக்கு. சைக்கிள் தினமும் ஓட்டுகிறேன். நீச்சல் எட்டு வயதிலேயே வரும். அப்பா எங்கள் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டுப் பழக்கினார். ஓட்டம் மட்டும்தான் புதிது. தீபாவளி முடிந்து நவம்பர் 19இல் தொடங்கினால் பன்னிரண்டு வாரம் சரியாக வருகிறது.

நேரமும் போட்டுப் பார்த்தேன். நீச்சல் நூறு மீட்டருக்கு மூன்று நிமிடம் என்றால் 22 நிமிடம் 30 வினாடி. சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம். ஓட்டம் கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்றால் 40. மாற்றங்களுக்கு ஏழெட்டு நிமிடம். ஆக மொத்தம் 2 மணி 10 நிமிடம். இந்த இரண்டு மணி நேரத்துக்கு உடம்பைத் தயார் செய்ய வாரத்துக்கு எத்தனை மணி ஒதுக்க வேண்டும்? செய்தவர்கள் சொல்லுங்கள்.

2023 ஆகஸ்ட் 10, வியாழன்

எட்டு வாரம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், ஆறு மாதம் என்று இன்னொருவர். மூன்றாமவர் ஒரே வரிதான் எழுதினார்: "முதலில் குளத்தில் இறங்கி 750 மீட்டர் போய்ப் பாருங்கள், அப்புறம் வாரத்தை எண்ணலாம்." அவர் சொன்னபடி இன்று போனேன்.

இங்குள்ள நீச்சல் குளத்தில் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருப்பது செவ்வாய், வியாழன், சனி மாலை ஒரு மணி நேரம். குளத்தின் நீளம் 25 மீட்டர். 750 மீட்டர் என்றால் 30 முறை கடக்க வேண்டும். நான் ஒரு முறை கடந்தேன். மறுகரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன். திரும்பும்போது பாதியிலேயே கயிற்றைப் பிடித்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

கிணற்றில் நான் கற்றது மூழ்காமல் இருக்க. தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே, கால் கீழே, நாலு கை போட்டால் எதிர்ச்சுவர் வந்துவிடும். படிக்கட்டில் உட்கார்ந்து இளைப்பாறி மறுபடி இறங்குவோம். இருபது வருடம் கிணற்றில் குதித்திருந்தாலும் ஒருமுறைகூட நிறுத்தாமல் நூறு மீட்டர் போயிருக்க மாட்டேன்.

நவம்பர் வரை காத்திருக்கப் போவதில்லை. நீச்சலை இன்றே தொடங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023 ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஏழு முறை குளத்துக்குப் போய்விட்டேன். ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, அதை விரிவாகவே எழுதுகிறேன். கிணற்று நீச்சலோடு வருகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர், அவர்களுக்கு உதவும்.

மூச்சு முட்டியதற்கு நுரையீரல் பலவீனம் காரணம் இல்லை. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பியதும் அந்தக் கண நேரத்துக்குள் பழைய காற்றை விட்டுப் புதிய காற்றை இழுக்கப் பார்த்தேன். இரண்டும் நடக்காது. பயிற்சியாளர் அக்கா முதல் மூன்று நாளும் என்னை நீந்தவே விடவில்லை. சுவரைப் பிடித்தபடி முகத்தை முக்கி, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டு, காற்று தீர்ந்ததும் பக்கவாட்டில் திரும்பி இழுக்க வேண்டும். இதையே இருபது, முப்பது முறை. சின்னப் பிள்ளைகள் சுற்றிலும் குதித்துக்கொண்டிருக்க நான் ஓரமாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அந்த நடுக்கம் போய்விட்டது.

அடுத்தது கால். தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், இடுப்பு இறங்கினால் கால் இழுபடும். அதைச் சமாளிக்கக் காலைப் பலமாக உதைத்தால் தொடையில் இருக்கும் பெரிய தசைகள் காற்றை எல்லாம் தின்றுவிடும். பார்வையைக் குளத்தின் தரையில் வைத்ததும் இடுப்பு தானாக மேலே வந்தது, உதையும் பாதியாகக் குறைந்தது.

நேற்று நிறுத்தாமல் 75 மீட்டர். அதற்கு 17 நாள் ஆகியிருக்கிறது.

நீச்சலுக்கு வாரக்கணக்கை விட எத்தனை முறை தண்ணீரில் இறங்கினோம் என்ற கணக்கு சரியாக வரும் என்று படுகிறது. வாரம் ஒருமுறை இறங்கினால் போன வாரம் பழகியதைத் தேடிப் பிடிக்கவே பாதி நேரம் போய்விடும். வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரம் போதும்.

2023 செப்டம்பர் 3, ஞாயிறு

வாரத்துக்கு எத்தனை மணி என்ற என் கேள்விக்கு வந்த பதில்கள் மூன்றிலிருந்து பத்து வரை இருக்கின்றன. பத்து எனக்கு முடியாது. காலையில் சமையல், பள்ளி, மாலையில் டியூஷன். நான் வைத்துக்கொண்டது இப்போதைக்கு மூன்றரை மணி, போட்டிக்கு முந்தைய மூன்று மாதம் ஐந்து மணி. அளவை நிமிடத்தில் எழுதுகிறேன், கிலோமீட்டரில் இல்லை. கிலோமீட்டரில் எழுதினால் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று வேகம் கூடிவிடுகிறது.

நாற்பதைத் தாண்டியவர்கள் ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். நானும் பார்த்த பிறகுதான் ஓட்டத்தைத் தொட்டேன்.

2023 செப்டம்பர் 24, ஞாயிறு

ஓட்டத்தில் தப்பு செய்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் முதல் நாள் பத்து நிமிடம் ஓடினேன். சுலபமாக இருந்தது. இரண்டாம் வாரமே இருபத்தைந்து நிமிடம், வாரம் நான்கு நாள் என்று ஏற்றினேன். நீச்சலில் மூச்சு பழகியிருந்ததால் இளைக்கவில்லை, அதுதான் ஏமாற்றியது. இப்போது இரண்டு முழங்காலுக்கும் கீழே, முன்பக்க எலும்பின் உள்ளோரத்தில் வலி. விரலை வைத்து அழுத்தினால் சுரீர் என்கிறது. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கிறேன்.

இதயமும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும். தசைநாணும் எலும்பும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறது. நீந்துகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அவர்களுடைய மூச்சு காலுக்கு முன்னால் ஓடிவிடுகிறது.

பத்து நாள் ஓட்டம் இல்லை. வலி போன பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இதைப் பத்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அந்த வேகம்தான் எனக்கு.

எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறார்கள். நான் ஓடிக்கொண்டிருந்த வாரம், "ஏத்தா, இம்புட்டு வேகமாப் போறியே, யாரும் தொரத்துறாகளா?" என்று கேட்டார்கள். நேற்று நொண்டுவதைப் பார்த்து நல்லெண்ணெயைச் சுடவைத்துக் கொடுத்தனுப்பினார்கள்.

2023 அக்டோபர் 8, ஞாயிறு

கால் வலி போய்விட்டது. இன்று சைக்கிள் பற்றி.

கூடை வைத்த பள்ளிச் சைக்கிளைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், மகன் வெளியூரில் படிக்கப் போனதால் சும்மா நின்ற கியர் சைக்கிளைக் கொடுத்தார். சீட்டு உயரத்தை அவரே சரிசெய்தார்: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் முழுசாக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்தபடி நிற்கும். இத்தனை வருடம் சீட்டை இறக்கி வைத்து ஓட்டியதில்தான் முழங்கால் வலித்திருக்கிறது.

குன்றக்குடி போய்த் திரும்பினேன். 20 கிலோமீட்டர், ஒரு மணி 40 நிமிடம். அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால் போட்டியில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் நான் வந்து சேருவேன் போல. மனசு விட்டுப்போனது.

சாலையோரச் செம்மண்ணில் இறங்காதீர்கள். மலையைப் படம் எடுக்க ஒரே ஒருமுறை இறங்கினேன், சீமைக் கருவேல முள் இரண்டு டயரிலும். டியூப் மாற்றத் தெரியாமல் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். போட்டியில் பஞ்சரானால் நாமே மாற்ற வேண்டும். இந்த வாரம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கழற்றி மாட்டிப் பழகப் போகிறேன்.

நாய்கள்: விடியற்காலையில் கூட்டமாக வரும். வேகமாக மிதித்தால் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடுகின்றன.

2023 அக்டோபர் 9, திங்கள்

நேற்று எழுதியதில் திருத்தம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போய்வரத்தான் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். நான் கிளம்பியது கோட்டையூர் வீட்டிலிருந்து. தூரத்தைக் காரைக்குடியிலிருந்து எழுதிவிட்டு நேரத்தை வீட்டு வாசலிலிருந்து எழுதியிருக்கிறேன். போக ஐந்து, வர ஐந்து கூட்டினால் 30. மணிக்கு 18 கிலோமீட்டர். இது போதும்.

2023 அக்டோபர் 22, ஞாயிறு

டிரையத்லான் என்றாலே 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42.2 ஓட்டம்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது அயர்ன்மேன். 1978இல் ஹவாயில் முதல்முறை நடந்தபோது 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அதற்கும் முன்னால் 1974 செப்டம்பர் 25 அன்று கலிபோர்னியாவில் சான் டியாகோவின் மிஷன் பே என்ற இடத்தில் நடந்த போட்டியில் தூரங்கள் சின்னவைதான், 46 பேர் கலந்துகொண்டார்கள். அந்தக் குட்டிப் போட்டிதான் மூத்தது. ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு சிட்னியில் சேர்த்தார்கள்: 1.5, 40, 10. அதில் சரிபாதிதான் ஸ்பிரிண்ட்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் ரொம்பப் பிடித்தது டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃப்ளோரா டஃபி பெண்கள் டிரையத்லானை வென்ற கதை. பெர்முடா தீவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை நம் காரைக்குடியை விடக் குறைவு என்று சொன்னதும், பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்ப நம்ம ஊருக்கும் ஒண்ணு வரலாம் டீச்சர்" என்றாள். வரட்டும். அதற்கு முதலில் பெண் பிள்ளைகளுக்குத் தினமும் திறந்திருக்கும் ஒரு குளம் வேண்டும்.

2023 நவம்பர் 19, ஞாயிறு

பன்னிரண்டு வாரக் கணக்கில் நான் பயிற்சியே தொடங்கியிருக்க வேண்டிய நாள் இது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மழை. பிறகு தீபாவளி. நடுவில் குளத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று மூடியவர்கள் எப்போது திறப்போம் என்று சொல்லவில்லை. மூன்று முறை வாசல் வரை போய்த் திரும்பினேன். 16 நாள் தண்ணீரைத் தொடவில்லை. ஊருணியில் இறங்கலாமே என்று கேட்டவருக்கு: எங்கள் ஊருணித் தண்ணீர் குடிக்க எடுப்பது, யாரும் கால் நனைப்பதில்லை. கண்மாய் நிறைந்திருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் மடைப் பக்கம் இழுப்பு இருக்கும், அடியில் முள்ளும் சேறும். தெரியாத கண்மாயில் தனியாக இறங்கவே கூடாது.

நேற்று குளம் திறந்தது. நான் பயந்த அளவு இழப்பு இல்லை. முன்பு 300 மீட்டர் நிறுத்தாமல் போனேன், நேற்று 225. இரண்டு வாரம் விட்டால் இரண்டு வாரத்தில் திரும்பப் பிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். முதலில் நினைத்தபடி இன்று தொடங்கியிருந்தால், குளம் மூடியது மாதிரி ஒரே ஒரு தடங்கல் வந்தாலும் பன்னிரண்டில் இரண்டு போய்ப் பத்தாகிவிடும். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து, தேர்வுத்தாள் திருத்துவது எல்லாம் வரத்தான் செய்யும். எந்தத் திட்டம் போட்டாலும் நாலில் ஒரு பங்கு வாரம் போய்விடும் என்று வைத்துத்தான் எண்ண வேண்டும்.

2023 டிசம்பர் 3, ஞாயிறு

முதல் பிரிக். சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுவதற்கு அந்தப் பெயர். 40 நிமிடம் சைக்கிள், வாசலில் சாத்திவிட்டு 10 நிமிடம் ஓட்டம். முதல் மூன்று நிமிடம் கால் என்னுடையதாகவே இல்லை. உரலைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. நாலாவது நிமிடம் இளகியது. வாரம் ஒருமுறை இதைச் செய்யப் போகிறேன், ஓட்டம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்த மூன்று நிமிடம் உடம்புக்குப் பழகினால் போதும்.

கடைசி இரண்டு கிலோமீட்டர் சைக்கிளில் கியரைக் குறைத்து வேகமாக, லேசாக மிதித்தால் இறங்கும்போது சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மை.

2023 டிசம்பர் 24, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு விடுமுறை. குடும்பத்தோடு தொண்டிக்குப் போனோம். குளத்தில் இப்போது 600 மீட்டர் நிறுத்தாமல் போகிறேன், ஆனால் கடலில் நீந்தியது இல்லை.

தொண்டிக் கடல் ஆழம் குறைவு, வெகுதூரம் இடுப்பளவுதான். அந்தத் தைரியத்தில்தான் போனேன். ஆனால் இது வாடைக் காற்றுக் காலம். தண்ணீர் கலங்கிக் கிடந்தது, குட்டை குட்டையாக அலை, முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு படகுக்காரர் கூடவே வந்தார், வீட்டுக்காரர் கரையில் நின்றார்.

குளத்தில் தரையில் கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே போவோம். இங்கே கீழே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இருபது கை போட்டு நிமிர்ந்தால் படகு வேறு திசையில் நிற்கிறது. "கரையில ஒரு பனைமரத்தப் பிடிச்சுக்கங்க டீச்சரம்மா, தலையத் தூக்கும்போதெல்லாம் அதப் பாருங்க" என்றார் அவர். ஏழெட்டுக் கைக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்து, உடனே பக்கவாட்டில் மூச்சு எடுத்தேன். கழுத்து வலித்தது. கிணற்றில் பழகிய தலை தூக்கும் நீச்சல் இங்கே உதவிக்கு வந்தது. அலை பெரிதாக வந்தபோதெல்லாம் அதற்கு மாறி, மூச்சு வாங்கி, மறுபடி முகத்தை முக்கினேன்.

ஆகஸ்டில் கிணற்று நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் குறைவாக எழுதிவிட்டேன். தண்ணீரைக் கண்டு பயப்படாத மனசை அப்பா அப்போதே கொடுத்துவிட்டார். அதைப் பன்னிரண்டு வாரத்தில் வாங்க முடியாது. தண்ணீர் பயம் உள்ளவர்கள் நான் எடுத்ததை விட இன்னும் அதிக நாள் ஒதுக்குங்கள்.

2024 ஜனவரி 7, ஞாயிறு

தேவகோட்டையிலிருந்து எழுதிய தம்பிக்கு. 22 வயது, தினமும் கால்பந்து, ஐந்து கிலோமீட்டர் 26 நிமிடத்தில் ஓடுவேன், நீச்சல் சுமார், ஆறு வாரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் உங்களுக்கு ஆறு வாரமே போதும். நீச்சல் "சுமார்" என்றால் எவ்வளவு? குளத்தில் 200 மீட்டர் நிறுத்தாமல் போக முடிந்தால் ஆறு வாரத்தில் 750க்கு வந்துவிடலாம். 50தான் என்றால் இந்தப் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். ஓட்டத்தில் களைத்தால் நடக்கலாம், சைக்கிளில் களைத்தால் இறங்கி நிற்கலாம். கடலில் அப்படி இல்லை.

ஒரு ஆறுதலும் உண்டு. ஃப்ரீஸ்டைல்தான் போட வேண்டும் என்று விதி இல்லை. தவளை நீச்சல், மல்லாந்து நீச்சல் எதுவும் செய்யலாம். மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்து இளைப்பாறலாம், அதைப் பிடித்து இழுத்து முன்னேறத்தான் கூடாது.

2024 ஜனவரி 21, ஞாயிறு

வியாழக்கிழமை தைப்பூசம். குன்றக்குடிச் சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே போன வாரம் சைக்கிள் ஓட்டினேன். நகரத்தார் காவடி கிளம்பினால் பின்னாலேயே ஊர் ஊராகச் சேர்ந்துகொள்கிறார்கள். பழநி நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஆச்சிகள் எத்தனை பேர், எழுபது வயதுக்காரர்கள் எத்தனை பேர்!

எங்கள் சித்தப்பா வருடா வருடம் போகிறவர். கிளம்பும் முன் வீட்டுக்கு வந்தார். என் புது ஓட்டக் காலணியைப் பார்த்துவிட்டு, "எப்ப வாங்கினே?" என்றார். போட்டிக்காக என்றேன். "இன்னைக்கே போட்டு நட. புதுச் செருப்போட யாத்திரை போனவன் ரெண்டாம் நாள் திரும்பிடுவான்" என்றார். அவர் செருப்பில்லாமல் நடப்பவர். அதற்குக் கார்த்திகை மாசமே வெறுங்காலோடு காலையில் நடக்கத் தொடங்கிவிடுவாராம். முதலில் தெருமுனை வரை, பிறகு கோயில் வரை, மார்கழியில் பக்கத்து ஊர் வரை. "காலு கெட்டிப்பட ரெண்டு மாசம் ஆகும்மா, அத அவசரப்படுத்த முடியாது" என்றார். செப்டம்பரில் என் காலெலும்பு வலியோடு நான் கற்றது இதைத்தான். முன்னமே அவரிடம் கேட்டிருக்கலாம்.

இந்த வாரம் மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயிற்சி இல்லை. நாலு வாரத்துக்கு ஒரு வாரம் அளவைக் குறைக்கிறேன். குறைத்த வாரம் முடிந்து வரும் திங்கள் கால் லேசாக இருக்கும்.

2024 பிப்ரவரி 4, ஞாயிறு

இன்னும் ஏழு நாள். அளவு பாதி, வேகம் அதே. 20 நிமிடம் நீச்சல், 30 நிமிடம் சைக்கிள், 15 நிமிடம் ஓட்டம், நடுநடுவே ஒரு நிமிடம் வேகம். கடைசி வாரத்தில் கூடுதலாகச் செய்து எதையும் ஏற்ற முடியாது, களைப்பைத்தான் ஏற்றலாம். கை துறுதுறுக்கிறது. மாடியில் துணி விரித்து ஹெல்மெட், ஷூ, போட்டி எண்ணை இடுப்பில் மாட்டும் நம்பர் பெல்ட் வைத்து மாற்றிப் பழகினேன். ஹெல்மெட் பக்கிளை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், இல்லையென்றால் தண்டனை. பத்து முறை செய்தேன், மகள் கடிகாரம் பிடித்தாள்.

2024 பிப்ரவரி 12, திங்கள்

முடித்துவிட்டேன். 2 மணி 21 நிமிடம்.

நீச்சல் 27 நிமிடம். ஓரமாக, கடைசி வரிசையில் நின்று கிளம்பினேன். முதல் நூறு மீட்டரில் யாரோ காலால் முகத்தில் உதைத்துக் கண்ணாடி நகர்ந்தது, உப்புத் தண்ணீர் உள்ளே போனது. ஆகஸ்டில் இது நடந்திருந்தால் கையைத் தூக்கிப் படகைக் கூப்பிட்டிருப்பேன். மல்லாந்து படுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, பத்து முறை மூச்சு வாங்கித் திரும்பிப் படுத்தேன். கரையில் ஆரஞ்சு நிறக் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டேன், பனைமரத்துக்குப் பதிலாக.

முதல் மாற்றம் ஆறு நிமிடம். காலில் ஒட்டிய மணலைத் தட்டவே நேரம் போனது. ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தால் ஊற்றிக் கழுவியிருக்கலாம்.

சைக்கிள் 61 நிமிடம், கடற்காற்று எதிரே. இரண்டாவது மாற்றம் நாலு. ஓட்டம் 43, நாலு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்தேன், கடைசிக் கிலோமீட்டரில் நடக்கவில்லை. சாப்பாடு: விடிகாலை இட்லி மூன்று, சைக்கிளில் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில், அவ்வளவுதான். வேறெதுவும் தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கந்தரப்பம் செய்து அனுப்பியிருந்தார்கள். எத்தனையாவது இடம் என்று கேட்டார்கள். சொன்னேன். "முடிச்சியா இல்லையா? அதச் சொல்லு" என்றார்கள். முடித்தேன் என்றதும் அடுத்த தட்டு வந்தது.

2024 பிப்ரவரி 25, ஞாயிறு

நோட்டைக் கூட்டினேன். ஆறு மாதத்தில் நீச்சல் 44 மணி, சைக்கிள் 36, ஓட்டமும் நடையும் 29. மொத்தம் 109. முதல் மூன்று மாதம் வாரம் சராசரி மூன்றரை, கடைசிப் பன்னிரண்டு வாரம் ஐந்து.

அப்படியானால் பன்னிரண்டு வாரம் என்று எழுதிய முதல் குறிப்பு தவறா என்று ஒருவர் கேட்டார். கடைசிப் பன்னிரண்டு வாரம் நான் செய்த பயிற்சி, எல்லாத் திட்டங்களிலும் இருக்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சிதான். 300 மீட்டர் நீந்தவும் 20 நிமிடம் வலியில்லாமல் ஓடவும் தெரிந்த ஒருவர் அங்கிருந்து தொடங்கலாம். நான் அந்த வாசலுக்கு வந்து சேரவே பதினான்கு வாரம் ஆனது. அதனால் முதல் குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

மறுபடி செய்தால் ஓட்டத்தை ஆகஸ்டிலேயே, நீச்சலோடு சேர்த்து, நடையாகத் தொடங்குவேன். சைக்கிளைக் குறைத்துக்கொள்வேன், அதற்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. பிரிக் இன்னும் நாலைந்து கூட்டுவேன்.

சைக்கிள் கொடுத்த ஆசிரியரின் மனைவி அடுத்த வருடம் வருகிறேன் என்கிறார். நீச்சல் சுத்தமாகத் தெரியாது. செவ்வாய்க்கிழமை குளத்துக்குக் கூட்டிப் போகிறேன், குமிழியிலிருந்து தொடங்குவோம்.

ஹெல்மெட் அளவு கேட்டவருக்கு: புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றி நூலை வைத்து, நூலை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். எனக்கு 55 சென்டிமீட்டர் வந்தது. கொண்டை போடுகிறவர்கள் பின்னலைத் தாழ்வாகக் கட்டிக்கொண்டு போய்க் கடையில் மாட்டிப் பாருங்கள்.